கற்பனைக் குலம் ஒன்றுக்கு வாளாட்டம் அமைப்போர் கேட்கும் கேள்விகள்

தக்கலைக்கு அருகே குடியிருந்துகொண்டு, மலைக்கும் கடலுக்கும் நடுவில் வாழும் ஒரு கற்பனைக் குலத்தைப் பற்றி நாவல் எழுதிவருகிறேன். அந்தக் குலத்துக்கு ஒரு வாளாட்டம் வேண்டும் என்று தோன்றியதிலிருந்து ஆசான்மாரையும் நூல்களையும் திருவிழாக்களையும் தேடிச் சென்றதில் மூன்று ஆண்டுகள் கழிந்தன. நாகர்கோவிலில் மாதம் ஒருமுறை கூடும் வாசிப்பு நண்பர்களும், புதிதாகக் கதை எழுத வரும் மாணவர்களும் இந்தத் தேடலைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

வாளாட்டம் என்று எதைச் சொல்கிறீர்கள்? களரிப் பயிற்சியும் அதுவும் ஒன்றுதானா?

இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஆனால் ஒன்றல்ல. பயிற்சியில் எதிரே நிற்பவனை எட்டுவதற்காக வாள் வீசப்படுகிறது. ஆட்டத்தில் அதே வீச்சு, பார்த்து நிற்கும் ஊருக்காகவோ தெய்வத்துக்காகவோ இறந்துபோன ஒருவனுக்காகவோ நிகழ்கிறது. ஒன்று மற்றொன்றாக மாறும் இடம்தான் கதை எழுதுகிறவனுக்கு வளமான நிலம். கிழக்கிந்தியாவின் சௌ ஆட்டத்துக்கு அடிப்படையாக இருக்கும் பரிகண்டா என்னும் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள்: பரி என்பது கேடயம், கண்டா என்பது வாள். படைவீரனுக்காக உண்டான அடிவைப்புகளே அங்கே முகமூடியணிந்த ஆட்டக்காரனின் நடையாயின. மணிப்பூரின் தாங்-தா என்ற பெயரிலும் வாளும் ஈட்டியுமே உள்ளன; 1891ஆம் ஆண்டுப் போருக்குப் பின் ஆங்கிலேயர் ஆயுதங்களுக்குத் தடை விதித்தபோது, அந்தக் கலை மறைவாகவும் சடங்கின் துணையோடும் உயிர் பிழைத்தது.

ஆகவே உங்கள் கற்பனைக் குலத்தைப் பற்றி முதலில் முடிவு செய்ய வேண்டியது, அவர்கள் இன்னும் போரிடுகிறார்களா, போரிடுவதை நிறுத்திவிட்டார்களா, நிறுத்தும்படி பிறரால் கட்டாயப்படுத்தப்பட்டார்களா என்பதுதான். மூன்றுக்கும் மூன்று விதமான ஆட்டங்கள் பிறக்கும்.

எங்கிருந்து தொடங்குவது?

காலிலிருந்து தொடங்குங்கள். இதை எனக்குச் சொன்னவர் கல்குளம் வட்டத்தில் அடிமுறை என்னும் போர்க்கலையைக் கற்பிக்கும் முதிய ஆசான் ஒருவர். என் நாவலின் முதல் வரைவில், கோயில் வாசலில் பதினாறு பேர் வட்டமாக நின்று நீள்வாள்களைச் சுழற்றி ஆடுவதாக ஓர் அத்தியாயம் எழுதியிருந்தேன். அதைப் படித்துக் காட்டியதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் கையிலும் பக்கத்தில் நின்ற பையன் கையிலும் ஆளுக்கொரு கம்பைக் கொடுத்து, நான் எழுதிய தூரத்திலேயே நின்று வீசச் சொன்னார். இரண்டாவது சுற்றிலேயே பையனின் கம்பு என் விரல் மொட்டியில் பட்டது. வீக்கம் வடிய நான்கு நாளாயிற்று.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீட்டிய கையும் வாளும் சேர்ந்தால் ஏறத்தாழ ஐந்து அடி வருகிறது. அடுத்தடுத்து நிற்கும் இருவர் பக்கவாட்டில் வீச வேண்டுமானால் இடையில் பத்து அடி வேண்டும். பதினாறு பேருக்கு வட்டத்தின் சுற்றளவு 160 அடி, குறுக்களவு 51 அடி. வெளிப்பக்கம் வீசுவதற்கும் இடம் விட்டால் அறுபது அடிக்கு மேல் திறந்த முற்றம் வேண்டும். நான் எழுதியிருந்த கோயில் வாசலோ ஒரு தேர் திரும்பவே திணறும் அகலம் கொண்டது. வடக்கு மலபாரில் தரையைத் தோண்டி அமைக்கும் பயிற்சிக்களமான குழிக்களரி வழக்கமாக 42 அடி நீளமும் 21 அடி அகலமும் உடையது. அந்த அகலத்துக்குள் பழகியவர்களின் வீச்சும் திருப்பமும் அந்த அளவுக்கு ஏற்பவே அமைந்திருக்கின்றன. நம் பக்கத்துத் தெக்கன் களரியில் பல இடங்களில் குழி கிடையாது. ஓலைக் கொட்டகையிலோ தென்னந்தோப்பின் நடுவிலோ பயிற்சி நடக்கிறது. இடத்தை முடிவு செய்யாமல் ஆட்டத்தை எழுத முடியாது என்பது அன்று விளங்கியது.

விரலைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னிடம் ஆசான் சொன்னது இதுதான்: "மக்கா, கைய நோக்காண்டாம், கால நோக்கு." அவர் கற்பிக்கும் முறையில் மாணவன் முதலில் சுவடு பழகுகிறான். பாதம் எந்தக் கோணத்தில் ஊன்றுகிறது, குதிகால் எப்போது மண்ணை விடுகிறது, உடலின் எடை எந்தக் காலில் தங்குகிறது என்பதெல்லாம் தெளிந்த பிறகுதான் கம்பும் வாளும் கைக்கு வரும். மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், பயிற்சி முடிந்தபின் அந்தச் செம்மண் தரையைக் குனிந்து பார்த்தேன். பிள்ளைகளின் குதிகால்கள் அரைவட்டம் அரைவட்டமாக மண்ணை வழித்து வைத்திருந்தன. யார் எங்கே திரும்பினார், எங்கே தயங்கினார் என்பது முழுவதும் அந்தத் தரையில் எழுதப்பட்டிருந்தது. என் குறிப்பேட்டின் முதல் வரைபடம் அந்தத் தரைதான்.

நம் பழைய இலக்கியத்தில் வாளாட்டம் உண்டா?

உண்டு, அதுவும் மிக ஆழமான வடிவில் உண்டு. தொல்காப்பியப் புறத்திணையியல், வேந்தர் இருவர் களத்தில் பொருதும் தும்பைத் திணையின் துறைகளைச் சொல்லும்போது, "களிற்றொடு பட்ட வேந்தனை அட்ட வேந்தன் வாளோர் ஆடும் அமலை" என்று ஒன்றைச் சொல்கிறது. தன் யானையோடு சேர்ந்து களத்தில் வீழ்ந்துகிடக்கிறான் ஒரு வேந்தன். அவனைக் கொன்ற வேந்தனின் வாள்வீரர்கள் அவனைச் சூழ்ந்து நின்று ஆடுகிறார்கள். அமலுதல் என்றால் நெருங்குதல். நெருங்கித் திரண்டு ஆடுவதால் அது அமலை. புறப்பொருள் வெண்பாமாலை இதையே ஒள்வாள் அமலை என்று பெயரிட்டு வைத்திருக்கிறது.

இந்த ஒரே அடியில் ஒரு முழு நாவலுக்கான வித்து கிடக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அந்த ஆட்டம் வெற்றிக் களிப்பா, வீழ்ந்தவன் வீரத்தை வியந்து செய்யும் மரியாதையா, இறந்தவனின் உயிரை அமைதிப்படுத்தும் சடங்கா என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் ஆடுகிறவர்களின் முகமும் வேகமும் மாறிவிடும். நெருங்கி ஆட வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் மாறாது. நெருங்கி ஆடும்போது அகல வீச முடியாது என்பதால், வாள் மேலும் கீழுமாகத்தான் அசைந்திருக்க வேண்டும் என்று நான் ஊகித்துக்கொண்டேன். அது என் கற்பனையே தவிர இலக்கணத்தில் உள்ளதன்று.

இது தவிர, பகைவரைக் குறித்து வாளைப் போற்றும் வாண்மங்கலம் தலைவனைப் புகழும் பாடாண் திணையிலும், குடையையும் வாளையும் நல்ல நாளில் முன்னதாகப் புறப்படச் செய்யும் நாட்கோள் கோட்டை முற்றுகையைப் பாடும் உழிஞையிலும், வென்ற வேந்தனின் தேருக்கு முன்னும் பின்னும் ஆடும் குரவைக் கூத்துகள் வெற்றியைப் பாடும் வாகையிலும் வருகின்றன. வீரனுக்கு முன்னால் அவன் வாள் தனியே பயணம் புறப்படுகிறது என்ற எண்ணத்தைச் சற்று நேரம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிலில் அதே எண்ணம் இன்றும் நம் சாலையில் நடப்பதைப் பார்ப்பீர்கள்.

குமரி மாவட்டத்தில் நேரில் பார்க்க என்ன இருக்கிறது?

நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரம் அரண்மனையில் நடக்கும் உடைவாள் கைமாற்றத்தை ஒருமுறையாவது நேரில் பாருங்கள். திருவிதாங்கூரின் தலைநகர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. ஆண்டுதோறும் நவராத்திரிப் பூசைக்காகப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகிறார்கள். புறப்படும் முன், உப்பரிகை மாளிகையில் வைக்கப்பட்டிருக்கும் மன்னரின் உடைவாள் முறைப்படி கைமாற்றப்பட்டு, ஊர்வலத்தின் முன்னே கொண்டுசெல்லப்படுகிறது. மன்னராட்சி போய், 1956 நவம்பர் 1 அன்று இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்து, அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் நீடிக்கும் நிலையிலும், அந்த வாள் தன் நடையை விடவில்லை. அதில் ஒரு வீச்சுக்கூட இல்லை. வாளைத் தாங்கும் இரு கைகளும், அதைப் பெறுகிறவரின் குனிந்த தலையும், சுற்றியுள்ளவர்களின் பேச்சு சட்டென்று அடங்கும் அந்த நொடியும்தான் இருக்கின்றன. உங்கள் கதையின் வாளாட்டம் தொடங்குவதற்கு முந்தைய நொடியை எழுத இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதோடு சேர்த்து நினைக்க வேண்டியது, 1750இல் மார்த்தாண்டவர்மா தன் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்த திருப்படிதானம். மன்னர் தன் வாளை இறைவன் திருமுன் வைத்து, இனி அவனுக்கு அடியவராக நின்று ஆள்வதாக ஏற்றுக்கொண்டார். வாள் மன்னனுக்குச் சொந்தமில்லை, அவன் கையில் அது இரவல் பொருள் என்று ஒரு சமுதாயம் நம்பினால், அந்த வாளை வைத்து ஆடுகிறவன் எப்படி ஆடுவான் என்று யோசியுங்கள்.

அம்மன் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு உச்சத்தை எட்டும்போது கோமரத்தாடிகள் என்னும் சாமியாடிகள் ஆடுவதை நம் மாவட்டத்தில் வளர்ந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். அதைப் பற்றித் தனியே ஒரு கேள்வி கீழே வருகிறது. களியலாட்டத்தில் வாள் கிடையாது, கம்புதான்; ஆனாலும் பாடுகிற ஆசானின் குரலுக்கும் வட்டமாக அடித்து ஆடுகிறவர்களின் அடிக்கும் உள்ள பிணைப்பை அறிய அதைப் பார்ப்பது நல்லது. அரண்மனை வளாகத்து அருங்காட்சியகத்தில் பழைய ஆயுதங்கள் காட்சிக்கு இருக்கின்றன, திங்கட்கிழமை விடுமுறை.

எல்லை தாண்டிக் கேரளத்தில்?

வேலகளியும் பரிசமுட்டுக்களியும். வேலகளி அம்பலப்புழை வட்டாரத்தில் வளர்ந்தது. சிவப்புத் தலைப்பாகையும் பரிசை என்னும் கேடயமும் வாளும் தாங்கியவர்கள் வரிசை வரிசையாக ஆடுவார்கள். திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனித் திருவிழாவில், கிழக்கு வாசலில் நிறுத்தப்படும் பாண்டவர்களின் பேருருவங்களுக்கு முன் கௌரவர் படையாக நின்று வேலகளி ஆடும் மரபு உண்டு. ஆடுகிறவர்கள் தோற்கப்போகிற தரப்பு என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. தோல்வியை ஆண்டுதோறும் அழகாக ஆடிக்காட்டும் ஒரு படை எந்தக் கற்பனைக் குலத்துக்கும் பெருமை சேர்க்கும்.

பரிசமுட்டுக்களி கேரளக் கிறிஸ்தவர்களிடையே வழங்குவது. நிலவிளக்கைச் சுற்றி வாளும் பரிசையும் ஏந்தி, ஆசான் பாடப்பாட ஆடுவார்கள். போர்க்கலையின் அடிவைப்பு ஒரு சமயத்தார் கையிலிருந்து இன்னொரு சமயத்தார் கைக்குப் போகும்போது பாட்டின் பொருள் மாறுகிறது, கால் மாறுவதில்லை என்பதை இங்கே காணலாம்.

பிற நாடுகளின் வாளாட்டங்களில் எவற்றைப் படிக்கலாம்?

நாடு நாடாகப் படித்தால் தகவல் சேரும், எண்ணம் சேராது. வாள் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் படியுங்கள்.

வாள் தரையில் கிடக்கலாம். ஸ்காட்லாந்தின் கில்லி கேலம் ஆட்டத்தில் இரண்டு வாள்கள் குறுக்காகத் தரையில் வைக்கப்பட்டிருக்கும். ஆடுகிறவன் அந்த நான்கு இடைவெளிகளிலும் காலை வைத்து வைத்து எடுக்கிறான், வாளில் பாதம் படக் கூடாது. கையில் வாளே இல்லாமல் ஒரு வாளாட்டம்.

வாள் ஆளையும் ஆளையும் இணைக்கும் சங்கிலியாகலாம். வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஆறு அல்லது எட்டுப் பேர், ஒவ்வொருவரும் தன் வாளின் பிடியையும் அடுத்தவனின் வாள் முனையையும் பற்றிக்கொண்டு, விடாமல் வட்டமிட்டு, குனிந்து, தாண்டி, கடைசியில் எல்லா வாள்களையும் நட்சத்திரம்போல் பின்னி ஒருவன் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவான். சில ஊர்களில் அந்தப் பின்னலை ஒருவன் கழுத்தைச் சுற்றி அமைத்து, உருவி, அவனைக் கொல்வதாக நடிப்பதும் உண்டு. இன்னும் வடக்கே, நார்தம்பர்லாந்து, டர்ஹம் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் வளர்ந்த ராப்பர் ஆட்டத்தில் ஐந்து பேர். இருபுறமும் பிடியுள்ள, வளைந்துகொடுக்கும் குட்டையான எஃகுப் பட்டைகள். மதுக்கடையின் நெருக்கமான அறைக்குள்ளேயே அதை ஆடிவிடுகிறார்கள். முன்னே சொன்ன 51 அடிக் கணக்குக்கு நேர் எதிரான விடை இது: இடம் இல்லாவிட்டால் வாள் வளைய வேண்டும், கைகள் ஒன்றையொன்று விடாமல் பிடிக்க வேண்டும்.

வாள் வெறும் ஓசையாகலாம். துருக்கியின் பூர்சா நகரத்து வாள்-கேடய ஆட்டத்துக்கு மேளமும் கிடையாது, குழலும் கிடையாது. வாளும் கேடயமும் மோதும் சத்தமே தாளம். சவுதி அரேபியாவின் நஜ்து பகுதி அர்தாவில் ஓசை மனிதக் குரலிலிருந்து பிறக்கிறது: தோளோடு தோள் சேர்ந்த வரிசைகள், நடுவே பறைகள், கவிஞனின் வரிகளை மாறி மாறிப் பாடும் ஆண்கள், மெல்ல உயர்ந்து தாழும் வாள்கள். யுனெஸ்கோ அதை 2015இல் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. குரோஷியாவின் கோர்ச்சுலா தீவில் ஆடப்படும் மோரேஷ்காவிலோ இரண்டு படைகள் உண்மையாகவே வாளோடு வாள் மோதுகின்றன. சிறைப்பட்ட ஒரு பெண்ணுக்காக வெள்ளை அரசனும் கறுப்பு அரசனும் பொருதும் கதை அது, வெள்ளை அரசனின் படை அணிவது சிவப்பு உடை. இப்படி ஒரு முரணை நாமாகக் கற்பனை செய்திருந்தால் பிழை என்று திருத்தியிருப்போம். உண்மையான மரபுகளில் இத்தகைய முடிச்சுகள் நிறைய உண்டு. உங்கள் குலத்துக்கும் ஒன்றிரண்டை விளக்காமல் விட்டுவைப்பது நல்லது.

ஆட்டத்தைக் கதைத் திருப்பமாகப் பயன்படுத்தலாமா?

வரலாறே பயன்படுத்தியிருக்கிறது. கி.மு. 206இல் சீனாவில் ஹொங்மென் விருந்தில், எதிராளியான லியூ பாங்கைக் கொல்லும் நோக்கத்தோடு ஷியாங் ஜுவாங் என்பவன் வாளாட்டம் ஆட எழுந்தான். அதை உணர்ந்த ஷியாங் போ தானும் வாளோடு எழுந்து ஆடி, தன் உடலால் விருந்தாளியை மறைத்துக்கொண்டே இருந்தான். பார்ப்பவர்களுக்கு அது இருவர் ஆடும் அழகிய ஆட்டம். ஆடுகிறவர்களுக்கு அது போர். கொரியாவில் சில்லா நாட்டுச் சிறுவன் ஹ்வாங்சாங் பகையரசன் அவையில் வாளாட்டம் ஆடி அவனைக் கொன்றான் என்ற கதை வழங்குகிறது. அந்நாட்டு வாளாட்டத்தின் தோற்றத்தை அக்கதையோடு சேர்த்துச் சொல்வார்கள். பிற்காலத்தில் அந்த ஆட்டம் பெண்கள் ஆடும் நளினமான கலையாயிற்று. ஜின்ஜு நகரத்து வாளாட்டம் 1967இல் அந்நாட்டின் மரபுக் கலையாக அறிவிக்கப்பட்டது.

வாளை நிறுத்தும் செயலும் ஆட்டத்தின் பகுதியாகலாம். ஜார்ஜியாவின் கெவ்சூரெத்தி மலைநாட்டு ஆட்டத்தில், வாளும் கேடயமுமாக மோதும் ஆண்களுக்கு நடுவே ஒரு பெண் தன் தலைத்துணியை எடுத்து வீசினால் சண்டை அந்தக் கணமே நிற்க வேண்டும். ஒரு துணி விழும் ஓசையில் அத்தனை இரும்பும் அடங்கிவிடுகிறது.

"ஆயிரம் ஆண்டுப் பழமையானது" என்று சொல்லப்படுவதை நம்பலாமா?

அன்போடு கேளுங்கள், அப்படியே எழுதிவிடாதீர்கள். செசில் ஷார்ப் 1911 முதல் 1913 வரை வட இங்கிலாந்தின் வாளாட்டங்களை மூன்று பகுதிகளாகத் தொகுத்து வெளியிட்டார். அவர் குறித்துவைத்த அடிவைப்புகள் இன்றும் விலைமதிப்பற்றவை. அந்த ஆட்டங்கள் பழங்காலப் பலிச் சடங்கின் எச்சம் என்ற அக்காலத்துக் கருத்தைப் பின்வந்த ஆய்வாளர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. ஐரோப்பாவின் பிடியும் முனையும் பற்றி ஆடும் ஆட்டங்களுக்குக் கிடைக்கும் சான்றுகள் பெரும்பாலும் இடைக்காலத்தின் பிற்பகுதி நகரங்களையும் அங்கிருந்த கைவினைஞர் சங்கங்களையும் சுட்டுகின்றன. ரோமானிய ஆசிரியர் டாசிட்டஸ் முதல் நூற்றாண்டின் இறுதியில், ஜெர்மானிய இளைஞர்கள் வாள்களுக்கும் ஈட்டிகளுக்கும் நடுவே துள்ளி ஆடியதை எழுதியிருக்கிறார் என்பது உண்மை. அந்த ஒரு குறிப்பையும் பிற்கால ஆட்டத்தையும் நேர்கோட்டில் இணைத்துவிட முடியாது.

நமக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தொல்காப்பியத்தில் அமலை இருக்கிறது என்பதாலேயே இன்று நம் ஊரில் ஆடப்படும் எதுவும் அமலை ஆகிவிடாது. ஆனால், ஒரு மக்கள் தங்கள் ஆட்டம் மிகப் பழையது என்று நம்புவது அந்த மக்களைப் பற்றிய உண்மையான செய்தி. உங்கள் கற்பனைக் குலத்தவர் தங்கள் ஆட்டத்தின் தோற்றத்துக்கு ஒரு கதை சொல்லட்டும். அது பொய்யாக இருக்கலாம் என்பதைக் கதைக்குள் யாரேனும் ஒருவர் அறிந்திருக்கட்டும்.

சாமியாடியின் வாளைக் கதையில் பயன்படுத்தலாமா?

இந்தக் கேள்விக்கு என் பதில் கண்டிப்பானது. கோமரத்தாடியின் கையில் இருக்கும் பள்ளிவாள் ஒரு மக்களின் நடப்பு வழிபாடு. அந்த வாளைத் தொடுவதற்கு நோன்பு இருக்கிறது, உரிமை இருக்கிறது, குடும்ப வழி இருக்கிறது. கொடையன்று அந்த வாள் உயரும்போது, கூட்டத்தில் ஒரு தாய் தன் பிள்ளையின் நோயைச் சொல்லி அழுதுகொண்டிருப்பாள். அதை அலங்காரமாக எடுத்து வந்து, பெயரை மட்டும் மாற்றி, ஒரு கற்பனை நாட்டின் கொடிய பூசாரியின் கையில் கொடுப்பது அந்தத் தாய்க்குச் செய்யும் அநீதி என்று நான் நினைக்கிறேன்.

எடுத்துக்கொள்ளக்கூடியது வேறு. ஆடுவதற்கு முன் அவர் எத்தனை நாள் விலகி இருக்கிறார், வாளை யார் எடுத்துக் கொடுக்கிறார், ஆடி ஓய்ந்தபின் அவரைத் தாங்கிப் பிடிக்க யாருக்கு உரிமை, மறுநாள் காலையில் அவர் தன் தொழிலுக்கு எப்படிப் போகிறார் என்பவற்றைக் கவனித்தால், வாளைச் சூழ்ந்து ஒரு சமுதாயம் எப்படி ஒழுங்குபடுகிறது என்பது தெரியும். அந்த ஒழுங்கின் தருக்கத்தைக் கற்றுக்கொண்டு, உங்கள் குலத்துக்கு வேறு தெய்வத்தையும் வேறு சைகையையும் நீங்களே உண்டாக்குங்கள்.

ஆசான்களிடம் எப்படிக் கேட்பது?

முதல் நாளே குறிப்பேட்டைத் திறக்காதீர்கள். பயிற்சி நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். நாவல் எழுதுகிறேன், ஆய்வுப் பட்டம் பெறுகிறவன் அல்ல என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். வர்மம் பற்றித் துருவிக் கேட்க வேண்டாம். அது நம்பிக்கையானவருக்கே கைமாறும் அறிவு, உங்கள் கதைக்கு அது தேவையும் இல்லை. படம் எடுக்கக் கூடாது என்றால் எடுக்கக் கூடாது. அவர் சொன்ன ஒன்றை வெளியிட வேண்டாம் என்று பின்னர் கருதினால், அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடும் மனம் வேண்டும். நான் இரண்டு பக்கங்களைக் கிழித்திருக்கிறேன்.

காணொளிகள் போதாதா?

தொடக்கத்துக்குப் போதும். கேமரா பெரும்பாலும் வாளையும் முகத்தையும் காட்டும். பாதங்களையும் பாடுகிறவரையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் வெட்டிவிடும். எண்ணெயும் வியர்வையும் கலந்த வாசனையும் அதில் வராது.

வாள் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வாள் போன்ற கூர்மையான ஆயுதங்களையும் உள்ளடக்கியது. ஒரு கிலோ எடையுள்ள மரக்கட்டையைச் செதுக்கிக் கையில் பிடித்து, ஐந்து நிமிடம் தோள் உயரத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒற்றைக் கை வாள்கள் பலவும் அந்த எடையை ஒட்டியே இருக்கும். தோள் நடுங்கத் தொடங்கும் நேரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாத்திரங்கள் ஒரு மணி நேரம் இளைப்பில்லாமல் ஆடும் பிழை அதன்பின் நேராது.

திரட்டியதிலிருந்து ஒரு புதிய ஆட்டத்தை எப்படி உருவாக்கினீர்கள்?

என் நாவலின் மக்களுக்குத் தாழையர் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவர்கள் பனையேறிகள். அவர்களின் வாள் எங்கிருந்து வந்திருக்கும் என்ற கேள்விக்கு, நம் ஊர்ப் பனையேறியின் இடுப்பில் தொங்கும் பெட்டியிலுள்ள பாளை அரிவாள் பதில் சொன்னது. பாளையை மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும் என்பதால் அந்த அரிவாள் வீசுவதற்கானதல்ல. மணிக்கட்டின் சிறு அசைவில் இழுத்து அறுப்பதற்கானது. அதிலிருந்து வளர்ந்த வாளும் குட்டையாக, உட்புறம் வளைந்து, மிகக் கூர்மையாக இருக்கும் என்று கொண்டேன்.

பனையைத் தழுவி ஏறிப் பழகிய உடல் பக்கவாட்டில் பரவாது. மேலும் கீழும் நீளும். ஆகவே அவர்களின் ஆட்டமும் ஒருவரையொருவர் ஏறக்குறைய உரசிக்கொண்டு, குந்தி எழுந்து, நெருங்கி ஆடுவதாயிற்று. அமலை என்ற சொல்லின் பொருள் இங்கே எனக்குத் துணை நின்றது. பனையேறும்போது காலில் மாட்டும் தளைநாரை ஆடும்போதும் மாட்டியிருப்பார்கள். இரு பாதங்களும் கட்டுண்டிருப்பதால் ஒவ்வொரு நகர்வும் சிறு துள்ளலாகிறது. அந்தத் துள்ளலே தாளம். பூர்சாவைப்போல் வேறு மேளம் இல்லை. பனையிலிருந்து விழுந்து இறந்த ஒருவனின் மரத்தைச் சுற்றி, அவன் இறந்த ஓராண்டு நிறைவில் மட்டுமே ஆடுவார்கள். ஆட்டத்தின் இறுதியில் ஒருவன் தன் தளையை வாளால் அறுத்துவிட்டு வட்டத்திலிருந்து நடந்து வெளியேறுவான். அன்றிலிருந்து அந்த மரம் அவனுடையது.

இதில் உலகின் எந்த ஆட்டமும் அப்படியே இல்லை. பார்த்தவற்றின் காரணங்களை எடுத்துக்கொண்டேன். அசைவுகளை இந்த மண்ணின் தொழிலிலிருந்து புதிதாகக் கண்டேன்.

எழுதும்போது எவ்வளவு விவரம் தருவது?

ஒவ்வோர் அடியையும் வருணித்தால் வாசகர் எண்ணிக்கொண்டிருப்பாரே தவிரப் பார்க்கமாட்டார். ஓர் உடலின் ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்: ஒருவனின் குதிகால், அல்லது வாளைப் பற்றிய சுண்டுவிரல். மீதி ஆட்டத்தைப் பார்த்து நிற்பவர்களின் முகங்களில் காட்டலாம். சீனக் கவிஞர் து ஃபூ 767இல் ஒரு பெண் ஆடிய வாளாட்டத்தைக் கண்டு, தம் சிறுவயதில் பார்த்த அவளுடைய குருவான கொங்சுன் என்பவளின் ஆட்டத்தை நினைத்துக் கவிதை எழுதினார். அதன் முன்னுரையில், கொங்சுனின் ஆட்டத்தைப் பார்த்தபின் ஜாங் ஷூ என்ற கலைஞரின் தூரிகை எழுத்து மேம்பட்டது என்றும் குறிப்பிடுகிறார். ஆட்டம் எப்படி இருந்தது என்பதை இன்னொருவர் கையின் மாற்றத்தால் உணர்த்திவிட்டார்.

எழுதி முடித்ததை யாரிடம் காட்டுவது?

நீங்கள் யாரிடம் கற்றீர்களோ அவரிடம். தாழையரின் ஆட்டம் வரும் அத்தியாயத்தை ஆசானின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முழுவதும் வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், முடிந்ததும் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஆடி முடிஞ்ச பெறவு அந்த வாள ஆரு தொடைப்பா?" என்று கேட்டார். நான் அதை யோசித்திருக்கவில்லை. கடற்காற்று அடிக்கிற ஊரில் வியர்வைக் கை பட்ட இரும்பை அப்படியே வைத்தால் இரண்டு நாளில் துரு ஏறிவிடும் என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், தன் வாளைத் துணியோடு எடுத்து வந்து காட்டினார். தேங்காய் எண்ணெயில் ஊறிய அந்தப் பழைய வேட்டித் துணி மஞ்சளும் கறுப்புமாக மாறியிருந்தது. அதில் வாளின் வடிவம் மடிப்பு மடிப்பாகப் பதிந்திருந்தது. அடுத்த அத்தியாயத்தை, ஆட்டம் முடிந்த இரவில் விளக்கடியில் உட்கார்ந்து, இறந்தவனின் மகள் ஒவ்வொரு வாளாக எடுத்து எண்ணெய் தடவுவதிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.